நாலு பேரின் தண்ணீர்

முனவ்வறா ஒரு வீட்டு வளவுக்குள் போனால் மண்ணைப் பார்க்க மாட்டாள், மரத்தைப் பார்க்க மாட்டாள். ஸலாம் சொல்லி, செருப்பைக் கழற்றி, கொடுத்த கதிரையின் ஓரத்தில் உட்கார்ந்ததும் அவள் கேட்கிற முதற் கேள்வி ஒன்றுதான்.

"ஊட்டுல எத்தின பேர்?"

சில பெண்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. நிவாரணம் கொடுக்க வந்தவர்கள், பதிய வந்தவர்கள், படம் பிடிக்க வந்தவர்கள் என்று சுனாமிக்குப் பிறகு அதைக் கேட்காத ஆள் கிடையாது. கேட்டவர்களில் பாதிப் பேர் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. முனவ்வறா கேட்டது அரிசிக்கும் சீனிக்கும் அல்ல, தண்ணீருக்கு.

சாய்ந்தமருதில் கடலோரம் வீடிழந்த சனங்களுக்கு ஊரின் மேற்குப் பக்கம் வயலை மூடி வீட்டுத்திட்டம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். போகத்துக்குப் போகம் நெல் விளைந்த பூமி அது. அதன் மேல் மூன்றடி உயரத்துக்குக் கிறவல் மண்ணைக் கொட்டி, ரோலர் விட்டு நசித்து, வரிசை வரிசையாக வீடுகளை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. வெயில் அடித்தால் சூடு வெளியே போகாது. கிணற்றில் உவர். குழாயில் ஒன்றுவிட்ட ஒரு நாள் ஒரு மணித்தியாலம் தண்ணீர் வரும்; அதிலும் முதல் கால் மணித்தியாலம் காற்றுத்தான் வரும். இப்படியொரு இடத்தில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று சொல்லி, திட்டக்காரர்கள் வீட்டுக்கு இருபது கன்று கொடுத்தார்கள். மொட்டைத் தலையனுக்குச் சீப்புக் கொடுத்த கதைதான். இருபதும் ஒரே மாதத்தில் கருகின.

தோட்டத்துக்கென்று தனித் தண்ணீர் கிடையாது என்பதை முனவ்வறா முதலிலேயே ஒத்துக்கொண்டாள். இருப்பதெல்லாம் மனிசர் பாவித்துவிட்ட தண்ணீர். குளித்தது, அரிசி களைந்தது, சோற்றுக் கோப்பை கழுவியது. எல்லாவற்றிலும் நல்லது, ஐந்து வேளைத் தொழுகைக்கும் வுழு எடுத்த தண்ணீர். கையும் முகமும் காலும் கழுவி விழுகிற, சவர்க்காரம் படாத தண்ணீர். அது எல்லா வீட்டிலும் வாசற்படியடியில் ஓடிச் சேறாகி, கொசு வளர்த்துக்கொண்டிருந்தது. அவள் அதற்கு ஒரு வழி வெட்டினாள். வளவைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் ஒரு வாய்க்கால். குசினியில் சட்டி கழுவிய தண்ணீர் சாம்பலும் கல்லும் போட்ட குழியில் இறங்கி வாழைக்குப் போகும். வுழுத் தண்ணீர் நேரே கத்தரிக்கும் மிளகாய்க்கும் போகும். ஒவ்வொரு கன்றுக்கும் கிறவலை உடைத்து, பழைய வயல் மண் தெரியும்வரை குழி தோண்டி, அடியில் தேங்காய்ப் பொச்சை நெருக்கி அடுக்குவாள். பொச்சு ஒருதரம் குடித்தால் நாலு நாளைக்கு விடாது. மேலே வைக்கோல் மூடாக்கு. வெக்கையான கச்சான் காற்று வருகிற பக்கம் பூவரசங்கம்பு வேலி.

இதில் எத்தனை கன்று பிழைக்கும் என்பதை வீட்டிலிருக்கிற ஆட்கள்தான் தீர்மானிப்பார்கள். அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. பெண் என்றால் ஒரு பங்கு. ஆண் என்றால் அரைப் பங்கு.

"என்ன ராத்தா, ஆம்பிளையளுக்கு அரப் பங்கா?" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

"அவங்கட தண்ணியெல்லாம் பள்ளிவாசல்லதானே போகுது! ஊட்டுக்கு என்னத்த மிச்சம் வெக்கிறாங்க?"

தொழுகிற வயது வராத பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு, அதுகள் தண்ணீரில் விளையாடுவதால். பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மாவுக்கு மட்டும் இரண்டு பங்கு. அந்த மனிசிக்கு வுழுவில் தீராத சந்தேகம். முழங்கை நனைந்ததா நனையவில்லையா என்று யோசித்து, முதலிலிருந்து தொடங்குவார். ஏழு பேருள்ள அந்த வீட்டில் அவருடைய சந்தேகத்தாலேயே இரண்டு கத்தரிச் செடி கூடுதலாகக் காய்த்தது.

முனவ்வறாவுக்குத் தண்ணீர்ப் பங்கு இரத்தத்தில் வந்த விஷயம். அவளுடைய வாப்பா அச்சிமுகம்மது வட்டவிதானை, அதாவது வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிறவர். தண்ணீர்ச் சண்டை பிடித்தவர்கள் மண்வெட்டியும் கையுமாக வீட்டு வாசலுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். இருபது வயதில் ஜவுபருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கரை வழக்கப்படி கடற்கரைப் பக்கத்து வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்தார். ஜவுபர் நெல் வாங்கி விற்கிறவர், சத்தமாகக் கதைக்கிற மனிசர். மகன் றிஸ்வான், மகள் கமீலா.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை முனவ்வறா அக்கரைப்பற்றில் நின்றாள். சித்தியின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பார்த்துவிட்டுப் பகலுக்குள் திரும்புகிறேன் என்று முதல் பஸ்ஸில் போனவள். திரும்பி வரும்போது அஸர் தொழுகை நேரம் கழிந்துவிட்டது. பாதித் தூரம் நடந்துதான் வந்தாள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. ஜவுபரையும் றிஸ்வானையும் அன்றைக்கே எடுத்து அடக்கிவிட்டார்கள். கமீலாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. மூன்று பேருக்கும் மண் போட்டதை அவள் காணவில்லை, மற்றவர்கள் வந்து சொன்னதுதான். பிறகு பள்ளிக்கூட வகுப்பறையொன்றில், துணி கட்டி மறைத்த மூலையில், புருஷனை இழந்த பெண்ணுக்கு விதித்தபடி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தாள். துணிக்கு அந்தப் பக்கம் நிவாரணச் சண்டை நடந்தது, பிள்ளைகள் விளையாடின, கலியாணம்கூட ஒன்று பேசி முடிந்தது. இந்தப் பக்கம் அவள் பாயில் இருந்தாள். அந்த நாட்களில் அவள் அழவில்லை என்று அகதிகளாய் இருந்த பெண்கள் இன்றைக்கும் ஒரு குறையாகச் சொல்வார்கள். அழுகையும் எல்லாருக்கும் கேட்ட நேரத்தில் வருகிற சாமானா?

வீட்டுத்திட்டத்தில் அவளுக்கும் ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு மண்டபம், குசினி. அந்த வீட்டில் தன் சத்தம் தனக்கே கேட்பதைத் தாங்க முடியாமல்தான் அவள் அடுத்த வீடுகளின் வாசற் சேற்றைப் பார்க்கத் தொடங்கினாள். முதலில் ஆயிஷா உம்மாவின் வளவில் வாய்க்கால் வெட்டினாள். பிறகு எதிர் வீட்டில். கத்தரி காய்த்ததும் செய்தி பரவியது. தோட்டத் திட்டத்தின் மேற்பார்வையாளர் செல்லத்தம்பி வந்து பார்த்தார். முன்னாள் விவசாயப் போதனாசிரியர், நல்ல மனிசர், ஆனால் ஆண். புருஷன்மார் வெளிநாட்டிலும் வயலிலும் இருக்கிற வீடுகளில் அவர் வேலிப் படலைக்கு வெளியே நின்று கத்தித்தான் ஆலோசனை சொல்ல வேண்டியிருந்தது. குசினித் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் படலையில் நின்று பார்க்க ஏலுமா? அவர் முனவ்வறாவை வேலைக்கு எடுத்தார். அவளும் கறுப்பு அபாயாவும் ஒரு குடையும் அளவு நாடாவுமாக வீடு வீடாக ஏறத் தொடங்கினாள்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மழைக்கு முன்னால், செல்லத்தம்பி அவளுடைய வளவையே மாதிரித் தோட்டமாகச் செய்யச் சொன்னார். அதற்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஊராருக்கு நூறு படிவம் நிரப்பிய கை அது. பெயர், விலாசம், வளவின் நீள அகலம். குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை என்ற இடத்தில் பேனா நிற்கவே இல்லை.

நாலு.

எழுதிய பிறகு பார்த்தாள். வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. படமும் நாலு பேருக்கே கீறினாள். ஊருக்கெல்லாம் ஆணுக்கு அரைப் பங்கு கொடுத்தவள், ஜவுபருக்கும் றிஸ்வானுக்கும் முழுப் பங்கு போட்டாள். ஒரு முருங்கை, ஒரு மாதுளை, நாலு வாழை, பத்துக் கத்தரி, பன்னிரண்டு மிளகாய், வேலியோரம் பயற்றங்கொடி. வாய்க்கால் வீட்டின் பின்பக்கம் தொடங்கி வளவை முழுதாகச் சுற்றி வந்தது. எந்த இடத்துக்கு யாருடைய தண்ணீர் என்று படத்தில் எழுதவில்லை. அவளுக்குத் தெரியும்.

மாரி மழை நின்று பெய்தது. கன்றுகளுக்கு ஆளின் தண்ணீர் எதற்கு, வானத்துத் தண்ணீரே கால்வைக்க இடமில்லாமல் நின்றது. தை மாதம் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து தோட்டத்தைப் படம் பிடித்தார்கள். ஒரு பெண் தனியாக இருந்து இவ்வளவையும் செய்திருக்கிறாள் என்று செல்லத்தம்பி அவர்களுக்கு விளக்கினார். முனவ்வறா அபாயாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனியாக என்று அவர் சொன்னது அவளுக்கு வேறு யாரையோ சொன்னதுபோல் இருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்த மாதங்களில் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். காலையில் பின்கதவைத் திறந்தால் நாலு பேர் இருக்கிற வீட்டின் வளவு தெரிந்தது. எந்த வழிப்போக்கன் எட்டிப் பார்த்தாலும் இங்கே ஒரு குடும்பம் இருக்கிறதென்றுதான் நினைப்பான்.

சித்திரை கழிந்து கச்சான் காற்று தொடங்கியது. வைகாசியில் யுத்தம் முடிந்துவிட்டதென்று றேடியோ சொன்னது, கல்முனைப் பக்கம் வெடி கொளுத்திய சத்தம் கேட்டது. முனவ்வறாவின் வளவில் அன்றைக்கு வாய்க்காலின் கடைசியில் நின்ற மிளகாய் இலை சுருட்டத் தொடங்கியிருந்தது. அடுத்த கிழமை பயற்றங்கொடி. அதற்கடுத்தது மாதுளை. காய்ச்சல் வளவின் ஓரத்திலிருந்து வீட்டை நோக்கி நடந்து வந்தது.

காரணம் அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே கணக்குச் சொன்னவள். ஒரு ஆளின் தண்ணீர் வாய்க்காலில் கால்வாசித் தூரம்தான் போகும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஆள் வேண்டும்.

முதலில் அவள் கோப்பையில் தொடங்கினாள். சாப்பிட்டது ஒரு கோப்பை. அலுமாரியிலிருந்து இன்னும் மூன்றை எடுத்து, அதுகளையும் கழுவினாள். பிறகு இரண்டுதரம் குளித்தாள். துவைத்த உடுப்பைத் திரும்பவும் துவைத்தாள். அதுவும் போதாதபோது வுழுவுக்கு வந்தாள். ஒரு தொழுகைக்கு ஒருதரம் எடுத்துவிட்டு, எழுந்து, திரும்பவும் குந்தி இன்னொருதரம். பிறகு இன்னொன்று. நாலு முறை. ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் வுழுவில் தண்ணீரை வீணாக்காதே என்று ஓதிக்கொடுத்த மார்க்கம் அது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வாப்பா வாய் ஓயாமல் சொல்வார். இரண்டையும் அறிந்தவள்தான் காய்ந்த காலைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். ஆயிஷா உம்மாவின் சந்தேகத்தைப் பார்த்துச் சிரித்தவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தோட்டம் காய்ந்தால் அந்த மூன்று பேரும் இரண்டாம் தரமும் போய்விடுவார்கள். அதற்கு அவள் இடம் கொடுக்க மாட்டாள்.

குழாய்த் தண்ணீர் போதவில்லை. இரண்டு முறை, லொறியில் தண்ணீர் கொண்டுவருகிற பவுசர்க்காரனிடம் இரகசியமாகத் தண்ணீர் பிடித்தாள். பகல் முழுக்க அடுத்த வீடுகளில் போய், ஒரு வாளித் தண்ணீரை வெளியே ஊற்றாதீங்க என்று சொல்லிவிட்டு வந்து, தன் வீட்டில் வாளி வாளியாக ஊற்றினாள். தோட்டம் அரை உயிரோடு நின்றது. கைவிரல் தோல் வெளுத்து உரிந்தது.

ஆனி மாதக் கடைசியில் செல்லத்தம்பி வந்தார். படலைக்கு வெளியே நின்றபடியே தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தக் கச்சானுக்கும் நிக்குதே முனவ்வறா! உங்கட படத்தத்தான் மாதிரியா எடுக்கப் போறம். தனிய இருக்கிற பொம்பிளையள்ட வீடு நாப்பத்திரெண்டு இருக்கு. நம்மட தமிழ்ப் பக்கமும் உங்கட முஸ்லிம் பக்கமும் சேர்த்துத்தான். எல்லாத்துக்கும் இதே படம்."

"சேர், அது நாலு பேருக்குக் கீறின படம்."

"அதால என்ன? நீங்க தனிய இருந்துதானே இத வெச்சிருக்கிறீங்க. உங்களால ஏலுமெண்டா அவங்களாலயும் ஏலும்."

ஏலாது சேர், நான் களவு செய்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் படிவத்தில் எழுதியதையும் சொல்ல வேண்டும். அவள் குனிந்து கொண்டு நின்றாள். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் வீடு பாண்டிருப்பில், பாலம்மா என்ற மனிசியின் வீடு. ஐம்பத்தெட்டு வயது. கருவாடு காயவைத்து விற்கிறவள். புருஷன் கடலுக்குப் போகிறவர், சுனாமிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே நெஞ்சு நோவில் இறந்தவர். அங்கேயும் வீட்டுத்திட்டம்தான், அதே கிறவல், அதே உவர்க் கிணறு. முனவ்வறா கருவாட்டுக் கொட்டிலடியில் கதிரையில் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தாள்.

"வீட்டில எத்தின பேர் அக்கா?"

"ரெண்டு பேர்," என்றாள் பாலம்மா.

முனவ்வறா எழுதவில்லை. கொடியில் ஒரே ஒரு சேலை காய்ந்தது. வாசலில் ஒரு சோடிச் செருப்பு. இத்தனை வருஷம் வீடு வீடாக ஏறியவளுக்கு ஒரு வளவில் எத்தனை பேர் புழங்குகிறார்கள் என்பது ஈர மண்ணைப் பார்த்தாலே தெரியும். இங்கே வாசற்படியடியில் ஒரு பாயளவுக்குக்கூட ஈரமில்லை.

"மற்றது ஆரு அக்கா?"

"மகன். தினுஜன். வன்னியில நிண்டவன். இப்ப சண்டை முடிஞ்சிதானே. வவுனியாவில காம்புகள்ல பேர் பதியுறாங்களாம். வருவான். ரெண்டு எண்டு எழுது புள்ள."

தினுஜன் இயக்கத்துக்குப் போய், அல்லது கொண்டுபோகப்பட்டு, நாலு வருஷமாகிறது. எது என்று பாலம்மா சொல்லவில்லை, முனவ்வறாவும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அந்தக் கரையில் அப்படியான கேள்விகளை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கடைசியாகக் கடிதம் வந்தது போன வருஷம் ஆடியில்.

முனவ்வறா படத்தைப் பார்த்தாள், பாலம்மாவைப் பார்த்தாள். இரண்டு என்று எழுதுவது எவ்வளவு சுலபம். நாலு பேருக்கான படத்தை அப்படியே இங்கே வெட்டிவிட்டுப் போனால் ஆவணி முடியமுன் எல்லாம் காய்ந்துவிடும். இந்த மனிசியும் வெறும் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு குந்தியிருப்பாள். அதை நினைத்ததும் அவளுக்குப் பயமாக வந்தது. பயத்தில் வாய் முந்திவிட்டது.

"இல்லாத ஆள்ர தண்ணிய மரம் குடிக்காது அக்கா."

பாலம்மா எழுந்தே விட்டாள். "இல்லாத ஆள் எண்டு ஆருகா சொன்ன? நீ கண்டியா? ஒரு பேப்பர் வந்ததா எனக்கு? அவன் இல்லையெண்டு சொல்லுறதுக்கு நீ ஆரு?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல அக்கா..."

"உன்ட வீட்டில எத்தின பேர்? அதச் சொல்லு முதல்ல."

"நாலு," என்றாள் முனவ்வறா.

"ஆரார்?"

"இவர், நெல் யாவாரம். மகன் றிஸ்வான். மகள் கமீலா, ஒம்பதாம் வகுப்பு..." அதோடு நின்றது. கமீலா உயிரோடு இருந்தால் இப்போது ஒன்பதாம் வகுப்பிலா இருப்பாள்? பள்ளிப் படிப்பே முடிந்து, கலியாண வயதுப் பெண்ணாக, சீதன வீடு தேடுகிற கவலையாக இருந்திருப்பாள். முனவ்வறா படிவத்தின் விளிம்பை மடித்தாள், நிமிர்த்தினாள்.

"மூண்டு பேரும் மௌத்தாகிட்டாங்க அக்கா. சுனாமிக்கு. நான் மட்டுந்தான் இரிக்கன்."

நாலரை வருஷத்தில் அந்தக் கடைசி வசனத்தை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல்தரம். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கியதும் மிச்சமும் வந்தது. படிவத்தில் எழுதியது, கோப்பைகள், இரண்டு குளிப்பு, ஒவ்வொரு தொழுகைக்கும் நாலு வுழு, பவுசர் தண்ணீர். கருவாட்டு மணமும் வெயிலும் நிறைந்த அந்தக் கொட்டிலடியில், முன்பின் தெரியாத ஒரு மனிசியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

பாலம்மா மெல்ல உட்கார்ந்தாள்.

"கழுவின கோப்பையத் திரும்பக் கழுவுறியா நீ?"

"ஓங்கா."

"நானும் அவனுக்குச் சோறு எடுத்து வெக்கிறதுதான். விடியத் தண்ணி ஊத்தி நான்தான் தின்னுற." அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வார்த்தையை மெருகிட்டுச் சொல்லத் தெரியாத மனிசி. "ஆனா என்ட பொடியன் வருவான் புள்ள. உன்ட ஆக்கள் வர மாட்டாங்க. நீ அவங்களப் போட்டுக் கஷ்டப்படுத்துற."

இப்படி ஒரு சொல்லை யாராவது ஆறுதல் என்று சொல்வார்களா? முனவ்வறாவுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. அபாயாவின் கையை மடித்துவிட்டு, அளவு நாடாவை எடுத்தாள்.

இருவருமாக அன்று பின்னேரம்வரை கிறவல் உடைத்தார்கள். ஒரு ஆளுக்கான தோட்டம் எப்படியிருக்கும் என்று முனவ்வறா அதுவரை யோசித்ததேயில்லை. யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய வித்தையல்ல. வாய்க்கால் வீட்டைச் சுற்றக் கூடாது. குளிக்கிற இடத்திலிருந்து பன்னிரண்டடி, அவ்வளவுதான். ஒரு முருங்கை, நாலு கத்தரி, மூன்று மிளகாய், எல்லாம் ஒன்றின் நிழலில் ஒன்று. மிளகாய்க்கு நடுவில் ஒரு மண் முட்டியைப் புதைத்து, அரிசி களைந்த தண்ணீரை அதற்குள் விட்டால் அது கசிந்து கசிந்து ஊட்டும்.

பிறகு, வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்து ஆறடி தள்ளி, முனவ்வறா இன்னொரு குழி தோண்டினாள். ஆழமாகத் தோண்டி, அடியில் பொச்சு அடுக்கி, வைக்கோலால் மூடினாள். ஒன்றும் நடவில்லை.

"இது என்னத்துக்கு?"

"தம்பி வந்தா வாய்க்கால இதுமட்டும் நீட்டுங்க. அவர்ர பங்குக்கு ஒரு மாதுளை நடலாம்."

பாலம்மா அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப ஒண்டு எண்டு எழுது. இப்பைக்கு," என்றாள். முனவ்வறா எழுதினாள்.

மறுநாள் அவள் திட்டக் கந்தோருக்குப் போய், மாதிரிப் படம் பிழை என்று செல்லத்தம்பியிடம் சொன்னாள். ஏன் பிழை என்பதையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் புதுப் படத்தை வாங்கிக்கொண்டு, "நாப்பத்திரெண்டு வீட்டுக்கும் இது சரியா வரும்," என்று மட்டும் சொன்னார். அந்தப் படம்தான் பிறகு எல்லா வீட்டுக்கும் போனது. ஓரத்தில் இன்னொரு குழி வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த வீட்டுப் பெண்ணே சொல்ல வேண்டும் என்று அதன் கீழே ஒரு வரியும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை முனவ்வறா தன் வளவில் இறங்கினாள். மாதுளையை வேரோடு மண் பிடித்துக் கிளப்பினாள். ஆயிஷா உம்மா வீட்டு ஆட்கள் வந்து வாழைகளைத் தூக்கிப் போனார்கள். எதிர் வீட்டுக்காரி கூடுதலாக நின்ற கத்தரியையும் மிளகாயையும் கேட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வீட்டில் பகல் முழுக்கக் கோப்பை கழுவுகிற சத்தம் யாருக்குத்தான் கேட்காது? ஆயிஷா உம்மா மட்டும் போகும்போது அவளுடைய உரிந்த கையைப் பிடித்து ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு, மண்வெட்டியை எடுத்து, பன்னிரண்டாம் அடியில் வாய்க்காலை வெட்டி மண் போட்டு அடைத்தாள். வயலில் ஒரு முறை முடிந்தால் எப்படி அடைப்பார்களோ அப்படி, காலால் மிதித்து இறுக்கி அடைத்தாள். அதற்கு அப்பால் இருந்த குழிகள் ஒவ்வொன்றையும் மூடினாள். பாலம்மாவின் வளவில் விட்டதுபோல் ஒரு குழியை மட்டும் விடலாமா என்று ஒருகணம் நின்றாள். யாருக்கு விடுவது? அதையும் மூடினாள். மிச்சம் நின்றது முருங்கையும், நாலு கத்தரியும், மூன்று மிளகாயும். வளவு திடீரென்று பெரிதாகிவிட்டது. வேலி எங்கேயோ தூரத்தில் தெரிந்தது.

ஜும்ஆத் தொழுகைக்கு மத்தியானப் பாங்கு சொன்னது. முனவ்வறா குழாயடியில் குந்தி வுழு எடுத்தாள், ஒரே ஒருதரம். எழுந்து நின்று தண்ணீர் போவதைப் பார்த்தாள். வழியில் தேங்கவில்லை, வற்றவில்லை. மிளகாயைத் தொட்டு, கத்தரியைத் தொட்டு, இதற்கு முன் ஒருநாளும் இப்படி நேராகப் போகாத தண்ணீர் முருங்கையின் அடியில் போய் நிறைந்து நின்றது.

ஒரு ஆளின் தண்ணீர் போதுமாக இருந்தது. அது போதுமாக இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, இத்தாவில் வராத அழுகையை, பட்டப்பகலில், வேலிக்கு வெளியே போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி முனவ்வறா அழுதாள்.